லாபம், ரெண்டு, மூணு

அண்ணன்கள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்ட அன்று, "ஒனக்கு என்னம்மா வேணும்? கூச்சப்படாமக் கேளு" என்றார் பெரியண்ணன். நான் எழுந்து பத்தாயத்து அறைக்குள் போய் மரக்காலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மரக்காலுக்குள் படி, படிக்குள் உரி, உரிக்குள் உழக்கு, உழக்குக்குள் ஆழாக்கு என்று ஐந்தும் ஒன்றுக்குள் ஒன்றாக அப்படியே இருந்தன. "இதையா கேக்குறே?" என்று அண்ணி சிரித்தார். பித்தளை அளவைகள் நாலையும் எடைக்குப் போட்டால் ஏதோ கிடைக்கும். மரக்காலை அடுப்பில்தான் வைக்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்த மரக்கால்தான்.

பலாக்கட்டையைக் கடைந்து செய்தது அது. வாயிலும் அடியிலும் பித்தளைப் பூண். தாத்தாவின் அப்பா சொல்லிச் செய்தது. அத்தனை வருஷம் நெல் உரசி உரசி உட்புறம் வழவழவென்று, கை விட்டால் எண்ணெய் தடவியதுபோல இருக்கும். வாய்ப்பூணில் ஓரிடம் மட்டும் தேய்ந்து, சிறு பள்ளமாக, மற்ற இடங்களைவிட மஞ்சளாக மினுங்கும். சரியாக ஒரு கட்டைவிரல் அகலம். அதைத் 'தாத்தா எடம்' என்பேன். தாத்தா வெளியூர் போயிருக்கும் நாட்களில் அந்த இருட்டு அறைக்குள் போய், என் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

எனக்கு எண் சொல்லிக்கொடுத்தது களம். கீழத்தஞ்சையில் எங்கள் ஊர்; ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்ட பிறகு எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர நாளாகும். வருகிற அன்று தாத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். காய்ந்த வாய்க்காலில் நுரையும் சருகும் முன்னே தள்ளிக்கொண்டு தண்ணீர் நடந்து வரும். ஓடி வராது. நடந்துதான் வரும். தாத்தா என் காலைப் பிடித்து இறக்கி அந்த நுரையில் நிற்கவைப்பார். குறுவைக்குத் தண்ணீர் போதாமல் போனாலும் சம்பா எங்களைக் கைவிட்டதில்லை.

தை மாத அறுப்புதான் எங்களுக்குத் திருவிழா. கதிர்க்கட்டு களத்துக்கு வந்து, தலையடி முடிந்து, மாடுகட்டி மிதித்து, காற்று பார்த்துத் தூற்றிப் பதர் போனபின் நடுக்களத்தில் பொன்மலைபோலப் பொலி குவிந்திருக்கும். இரவில் யாரும் கைவைத்தால் தெரிந்துவிடும்படி அதைச் சுற்றிச் சாம்பலால் குறி போட்டிருப்பார்கள். விடிந்ததும் தாத்தா குளித்துவிட்டு மரக்காலோடு வருவார். அளக்கிற வேலையை மட்டும் அடுத்தவர் கையில் கொடுத்ததே இல்லை. கிழக்கே பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் வாயைப் பிடித்து, பொலியில் மரக்காலைச் சாய்த்து மொண்டு, மறு கையால் தலையைத் தட்டி வழித்து, சாக்கில் கவிழ்ப்பார். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லக்கூடாது. "லாபம்." அடுத்தது மொள்ளும்வரை அந்தச் சொல்லை இழுத்துக்கொண்டே இருப்பார். "லாபம்... லாபம்... ரெண்டேய்... ரெண்டு... மூணேய்..." பன்னிரண்டு ஆனதும் நிறுத்தி என்னைப் பார்ப்பார். நான் ஒரு சிட்டிகை நெல்லை எடுத்துத் தரையில் சின்னக் குவியலாக வைக்கவேண்டும். அது ஒரு கலம். இரண்டு குவியல் சேர்ந்தால் ஒரு மூட்டை. கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதுவது ஒருபக்கம் இருக்கட்டும், என் குவியல் கணக்குதான் கணக்கு என்று தாத்தா எல்லார் முன்னாலும் சொல்லுவார். எனக்குத் தலை கால் புரியாது. உடம்பெல்லாம் சுணை அரிக்க, அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து முதல் நாள் டீச்சர் எண்ணச் சொன்னபோது நான் எழுந்து நின்று "லாபம், ரெண்டு, மூணு" என்றேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களும் களத்தில் எண்ணப் பழகியவர்கள்தான்.

வாய்ப்பாட்டில் அப்போதும் பழைய முகத்தலளவை இருந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். எங்கள் மரக்காலோ நாலு படிதான் கொள்ளும். புத்தகம் தப்பு என்று வீட்டில் வந்து அழுதேன். அப்பாயி மடியில் இழுத்துவைத்து, "ஊருக்கு ஊரு படி வேறடி. புஸ்தகத்துக்கு ஒரு படி, நமக்கு ஒரு படி" என்றாள். நாட்டில் கிலோ எடைக்கற்கள் வரத் தொடங்கியது 1958 அக்டோபரில். நான் பிறந்ததும் அந்த வருஷம்தான். கடைத்தெருவுக்குக் கிலோ வந்து வெகுகாலம் கழித்தும் எங்கள் களத்தில் மரக்கால்தான் ஆண்டுகொண்டிருந்தது.

அளந்த நெல் முழுவதும் வீட்டுக்கு வராது. முதலில் சாமிக்கு. பிறகு தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார் என்று ஊருக்கு உழைக்கிறவர்களுக்கான களத்துச் 'சுதந்திரம்'. பிறகு அறுத்தவர்களுக்குக் கூலி. மிச்சம் பத்தாயத்துக்கு. கூலி அளக்கும்போது பெண்கள் முந்தானையை விரித்துப் பிடித்தபடி வரிசையில் நிற்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எனக்கு எதிரே, பொலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். நானும் அவர்களும் ஒரே மரக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அறுப்பு முடிந்த மறுநாள் இன்னொரு அளப்பு உண்டு. அது அப்பாயியுடையது. கொல்லைப்படியில் அரிசிக்கூடையை வைத்துக்கொண்டு உட்காருவாள். சேரிப் பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். கொல்லையோடு சரி; வீட்டுக்குள் அவர்கள் வந்து நான் பார்த்ததில்லை. "இந்த அறுப்புல எத்தனை கலம் எடுத்தே?" என்று அப்பாயி கேட்பாள். "மூணு கலம் பெரியம்மா" என்றால் மூன்று ஆழாக்கு அரிசி. இரண்டு கலம் என்றால் இரண்டு ஆழாக்கு. நெல் கூலியாக வாங்கியவர்களுக்குக் குத்திய அரிசி. தலை வழிக்கவே மாட்டாள். கும்பமாக மொண்டு, சிந்தச் சிந்தப் போடுவாள். மூன்றே கால் கலம் என்று ஒருத்தி சொன்னால் என்ன செய்வது என்பதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது: குறைந்தால் கூட்டிப் போடு. கலத்தைச் சொல்லச் சொல்ல ஆழாக்கை எண்ணுவது என் வேலை. அங்கே மட்டும் லாபம் என்று தொடங்கக்கூடாது. நான் பழக்கதோஷத்தில் ஒருமுறை "லாபம்" என்றதற்கு அப்பாயி என் கையைப் பிடித்து நிறுத்தி, "இங்க ஒண்ணுன்னு சொல்லு" என்றாள். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. தாத்தா அந்த நேரத்தில் கொல்லைப்பக்கம் வரமாட்டார் என்பதும் இப்போது யோசித்தால்தான் நினைவுக்கு வருகிறது.

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது வந்த தைப் பொங்கலை மறக்கமுடியாது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1968 டிசம்பர் 25 இரவில், கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதுதான் அந்தப் பகையின் வேர். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். வீட்டில் யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நாங்கள் போனால் பேச்சு நின்றுவிடும். அந்த அறுப்பில் களத்தில் சிரிப்பில்லை, பாட்டில்லை. வழக்கமாக உட்கார்ந்திருக்கும் ஆண்கள் அன்று தாத்தாவைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். தாத்தாவின் "லாபம்" தொண்டைக்குள்ளேயே நின்றது. கூலி அளக்கும்போது ஒரு பெண் இரண்டு அடி முன்னால் வந்து, குனிந்து, மரக்காலின் வாயையே பார்த்தாள். என்ன பார்க்கிறாள் என்று நானும் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

அதற்கடுத்த அறுப்புக்குள் சட்டம் வந்தது. 1969-ல் வந்த விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். கூலி எவ்வளவு என்பதை அதற்குமேல் தாத்தா மட்டும் தீர்மானிக்கமுடியாது என்பதைத் திண்ணைப் பேச்சிலிருந்து புரிந்துகொண்டேன். தாத்தா அதை ஒரு துக்கம்போலத்தான் ஏற்றுக்கொண்டார். அவருக்காக நானும் வருத்தப்பட்டேன். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தாத்தா முகம்தான் நியாயம்.

அவர் 1974-ல் மார்கழியில் போனார். கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கும் நிறைமரக்காலும் வைக்கவேண்டும். யாரோ மரக்காலில் நெல் நிரப்பித் தலையை வழித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்த அப்பாயி எழுந்துபோய்ப் பத்தாயத்து வாயைத் திறந்து இரு கையும் கொள்ள நெல் எடுத்து வந்தாள். மரக்காலின் மேல் போட்டாள். மறுபடி போனாள், எடுத்து வந்தாள், போட்டாள். கும்பம் கட்டி, அதுவும் நில்லாமல் நெல் சரிந்து தாத்தாவின் தோளோரம் வரை சிதறியது. "போதும் பெரியம்மா" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "வழியாதீங்க, யாரும் வழியாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தோம்.

அதன்பிறகு களத்துக்கு மேடைத் தராசு வந்தது. மரக்கால் நல்லநாளுக்கு மட்டும் வெளியே வந்தது. அண்ணன்கள் கல்யாணத்தில் மணவறை முன்னால் நெல்லோடு இருந்தது. என் கல்யாணத்திலும் இருந்தது. நான் கல்லூரியில் படித்தபோது பெரிய கோயிலுக்குப் போனோம். அங்கே கல்வெட்டைப் படித்துக் காட்டியவர், ராஜராஜன் காலத்தில் கோயில் நெல்லை அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர், அது 'ராஜகேசரி' மரக்காலுக்குச் சமமானது என்று சொன்னார். பொன் எடைபோடும் கல்லுக்கும் அதே ஆடவல்லான் பெயர்தான். கூத்தாடும் சாமியின் பெயரை எதற்காக அளவைக்கு வைத்தார்கள் என்று தோழிகள் கேட்டார்கள். எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. எங்கள் வீட்டில் மரக்காலைக் காலால் தொட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பெயரைக் கேட்ட அன்றும் என் நினைவு தாத்தாவின் விரல் தேய்த்த அந்தப் பள்ளத்துக்குத்தான் போனது.

அந்த மரக்கால் இப்போது திருச்சியில் என் வீட்டுக் கூடத்தில் அலமாரிக்கு மேல் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் ஊரிலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். பொலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் நான் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் என்னைப் 'பாப்பா' என்பார். அன்று "வாங்க, உக்காருங்க சார்" என்றேன். அவர் "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். காபி குடித்தோம். அவர் பார்வை அலமாரி மேல் போனது.

"அந்த மரக்காலா?"

எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார். வாய்ப்பூணைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்து அந்தப் பள்ளத்தில் நிறுத்தினார். தன் கட்டைவிரலை அதன்மேல் மடக்கி உள்ளே விட்டார்.

"இங்கதான் ஒங்க தாத்தா வெரல் இருக்கும்" என்றார்.

நான் மகிழ்ந்துபோனேன். என்னைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறதே! "நான் அத தாத்தா எடம்னு சொல்லுவேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, குரலை உயர்த்தாமல் சொன்னார். "குத்தகை நெல்லு வாங்கும்போது வெரல் வெளியில இருக்கும். எங்களுக்கு அளக்கும்போது உள்ள இருக்கும். எங்கம்மா சொல்லும், 'லாபம்'னு சத்தம் வரும்போதே வெரல் உள்ள போயிரும்னு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, பழைய கதை" என்று அவரே பேச்சை மாற்றினார். பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கு அவசியம் வருகிறேன் என்றேன். போகவும் செய்தேன்.

ஆனால் அந்த இரவு தூக்கம் வரவில்லை. மரக்காலை இரு கையால் பிடித்து மொண்டால் யாருடைய விரலும் வாய்க்குள் கொஞ்சம் மடங்கத்தான் செய்யும், அதற்கு உள்நோக்கம் எதற்கு என்று தாத்தாவுக்காக வாதாடினேன். அப்படியானால் குத்தகை வாங்கும்போது ஏன் வெளியே இருந்தது? அந்தப் பெண் குனிந்து பார்த்தது எதை? என்னைத் தோளில் சுமந்து நுரையில் இறக்கிய அதே கைதான். பள்ளம் விழும் அளவுக்குப் பித்தளை தேயவேண்டுமென்றால் எத்தனை அறுப்பு, எத்தனை முந்தானை. மனம் இரண்டு பக்கமும் நகராமல் அப்படியே நின்றது. அந்தப் பள்ளத்தைத் தொடாமலே பல மாதம் கடத்தினேன்.

போன பொங்கலுக்குப் பெரியண்ணன் ஒரு மூட்டை புதுநெல் அனுப்பியிருந்தார். ஒருநாள் மதியம் வீட்டில் யாருமில்லை. கூடத்தில் வேட்டியை விரித்து நெல்லைக் கொட்டினேன். குத்துக்காலிட்டு உட்கார முட்டி இடம் தரவில்லை, சப்பணமிட்டு உட்கார்ந்தேன். மரக்காலைப் பள்ளத்தில் விரல் மடக்கிப் பிடித்து, மொண்டு, தலை வழித்தேன். பிறகு விரலை மட்டும் மெல்ல எடுத்தேன். விரல் இருந்த இடத்தில் சின்னக் குழி. அந்தக் குழி நிரம்ப எவ்வளவு நெல் வேண்டுமோ அதை ஸ்பூனால் அள்ளிப் போட்டுப் பார்த்து, அதே அளவு நெல்லை ஆழாக்கில் போட்டேன். இப்படிப் பன்னிரண்டு தடவை. ஒரு கலம்.

முதல் ஒன்றிரண்டு தடவைக்கு ஆழாக்கின் அடிதான் மறைந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதிகூட வந்தது. எட்டாவதில் பாதியைத் தாண்டியது. பன்னிரண்டாவது போட்டபோது நெல் வாய்மட்டத்துக்கு வந்திருந்தது. தலை தட்டக் கொஞ்சமே குறை. தாத்தாவின் விரல் என்னுடையதைவிடப் பருத்தது.

ஆழாக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். கொல்லைப்படியில் அப்பாயி கையில் இருந்ததும் இதே ஆழாக்கு. கூலி நெல்லைப் பற்றி அவள் தாத்தாவிடம் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. களத்தில் கொடுக்கவேண்டியதைக் கொல்லையில் கொடுப்பது ஒருபோதும் சமமாகாது. அது அவளுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் சிந்தச் சிந்தப் போட்டாளா?

ஆசிரியருக்குப் போன் செய்தேன். மகள், மாப்பிள்ளை, ஊரில் மழை எல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டேன்: "அறுப்பு முடிஞ்சதும் எங்க அப்பாயி கொல்லையில அரிசி போடுவாங்களே, ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்?"

"மறக்குமா? கலத்துக்கு ஒரு ஆழாக்கு" என்றார். "அன்னிக்குத்தான் எங்க வீட்டுல வெள்ளைச் சோறு. அம்மா அதுக்குப் பேரே வச்சிருந்திச்சு."

"என்ன பேரு?"

"வெரலரிசி."